அம்மனுக்காகக் கையேந்தும் விரதம்

புரட்டாசித் திங்கள் பிறந்ததும் மலேசிய இந்துக்களின் இல்லங்களில் மீனும் இறைச்சியும் விடைபெற்றுக் கொள்கின்றன. சனிக்கிழமைதோறும் பெருமாள் சந்நிதிகளில் துளசி மாலையேந்திய அன்பர்களின் வரிசை நீள்கின்றது. கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் அந்த நாள்களில் நின்று தரிசிக்கவும் இடம் கிடைப்பதரிது. இடையே நவராத்திரி வருகின்றது, அடுத்துத் தீபாவளி. வடநாட்டார் இப்பருவத்தைச் சரத் காலம் என்பர். ஆகவேதான் இந்த ஒன்பது இரவுகளுக்கும் சாரதா நவராத்திரி என்று பெயர். இலையுதிரும் பருவத்தின் வாயில் என்று அதனை வருணிப்பதும் உண்டு. குளுவாங் வட்டாரத்தில் பால்மரம் இலையுதிர்ப்பது தை, மாசியில்தான், புரட்டாசியில் அன்று. எனினும் பருவம் மாறினாலும் பஞ்சாங்கம் மாறாமல், கடல் கடந்து வந்தவர்கள் அந்த ஒன்பது இரவுகளையும் விடாது போற்றி வந்துள்ளனர் என்பது பெருமைக்குரியதே.

ஆயினும் அண்மைக் காலமாக ஓர் ஐயம் எழுகின்றது. நவராத்திரி யாருடைய விழா? இக்கேள்விக்கு, ‘உபயதாரருடைய விழா’ என்று விடை கூறும் நிலை மெல்ல உருவாகி வருகின்றது. ஒன்பது இரவுக்கும் ஒன்பது உபயதாரர்; பெயர்ப் பலகையில் ஒன்பது பெயர்கள். ஒரு குடும்பத்தார் அன்றைய அபிடேகம், அலங்காரம், அன்னதானம் அனைத்தையும் ஏற்றுக் கொள்கின்றனர். அவர்களுடைய உற்றார் உறவினர் வருகின்றனர். மாலை மரியாதை நடைபெறுகின்றது. மறுநாள் வேறு குடும்பம், வேறு கூட்டம். முந்திய இரவு வந்தவர்களுள் பலரை அடுத்த இரவில் காண்பதற்கில்லை. உபயம் ஏற்பது உயர்ந்த தொண்டு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் உபயம் எடுக்க இயலாத குடும்பம் அந்த ஒன்பது இரவுகளிலும் விருந்தினராக வந்து, பிரசாதம் பெற்றுத் திரும்பும் நிலைக்குத் தள்ளப்படுவது முறையாகுமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் தமிழகத்தின் தென்கடற்கரையில் ஆண்டுதோறும் இதே பருவத்தில் நிகழும் ஒரு பெருவிழாவைக் கருத்தூன்றி நோக்குதல் நலம். திருச்செந்தூருக்குத் தெற்கே, உடன்குடியை அடுத்து, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்துள்ள குலசேகரன்பட்டினத்தில் நிகழும் தசரா விழாவே அது. குலசை என்று அன்பர்கள் சுருக்கமாக அழைக்கும் அவ்வூர், பாண்டிய மன்னன் குலசேகரனின் பெயர் தாங்கிய பழம்பெரும் துறைமுகப்பட்டினம். உப்பளங்கள் சூழ்ந்த ஊர். 1942ஆம் ஆண்டு விடுதலைப் போராட்டத்தின்போது அங்குள்ள உப்பளத்தில் ஆங்கில அதிகாரி ஒருவர் கொல்லப்பட, அதனையொட்டி நடந்த சதி வழக்கு தமிழகமெங்கும் பேசப்பட்டது. அண்மையில், 2024 பிப்ரவரியில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் அவ்வூரில்தான். ஆனால் தென்மாவட்ட மக்களின் உள்ளத்தில் குலசை என்றவுடன் தோன்றுவது உப்பளமுமன்று, ஏவுதளமுமன்று. ஒரே பீடத்தில் ஞானமூர்த்தீசுவரரோடு வீற்றிருக்கும் முத்தாரம்மன் திருவுருவமே. அம்மையும் அப்பனும் இவ்வாறு அருகமர்ந்து காட்சி தரும் திருத்தலங்கள் அரியன.

மைசூருக்கு அடுத்தபடியாகப் பெருந்திரள் கூடும் தசரா என்று குலசை விழாவைக் கூறுவர். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மலைக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடு போன்றது. மைசூரில் அரண்மனை விளக்கொளியில் மின்னும். அம்பாரி சுமந்த யானை நடக்கும். மக்கள் இருபுறமும் நின்று காண்பர். குலசையில் காண்பவர் என்றொரு தனிக்கூட்டம் இல்லை எனலாம். அங்கே வருபவர்களுள் மிகப்பலர் தாமே வேடம் பூண்டு வருகின்றனர்.

அவ்வேடத்தின் முறை குறித்துச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது. நோய் தீரவோ, மகப்பேறு வேண்டியோ, வழக்கு வெல்லவோ, தொழில் செழிக்கவோ அம்மனுக்கு நேர்ந்து கொள்பவர் இன்ன வேடம் அணிவேன் என்று உறுதி பூணுகின்றார். அதற்குரிய நாள் முதல் மாலையணிந்து விரதம் இருக்கின்றார். காளி வேடத்துக்கு விரதம் மிகக் கடுமையானது. 41 நாள், அதற்கு மேலும் நோன்பு காப்பவர் உண்டு. பிற வேடங்களுக்கு 21 நாள், 11 நாள் என அவரவர் நேர்த்திக்கேற்ப அமையும். ஊர்தோறும் தசராக் குழுக்கள் உண்டு. குழுவினர் ஓலைக்குடில் அமைத்து, அம்மன் படத்தை வைத்து, அங்கேயே சமைத்து ஒருவேளை உண்டு தங்குவர். நவராத்திரியின் முதல் நாள் திருக்கோயிலில் கொடியேறியதும் விரதியரின் மணிக்கட்டில் காப்புக் கட்டப்படுகின்றது. அதன் பின்னரே வேடம்.

காளி, சிவன், முருகன், விநாயகர், அனுமன் ஆகிய தெய்வ வேடங்கள் ஒருபுறம். குறவன் குறத்தி, அரசன், காவலர், மருத்துவர், கரடி, குரங்கு, பிச்சைக்காரர், மனநிலை பிறழ்ந்தவர் ஆகிய வேடங்கள் மறுபுறம். எட்டுக் கரங்களும், நீண்ட சடையும், கனத்த மகுடமும் தாங்கிய காளி வேடக்காரரின் பக்கத்தில் கந்தல் உடுத்த பிச்சைக்கார வேடத்தினர் நடப்பதை அங்கே காணலாம். முத்தாரம்மன் சந்நிதியில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. ஊரில் வசதி படைத்த ஒருவர் கந்தலையும், நாட்கூலி ஒருவர் அரசன் முடியையும் அணிந்திருக்கக் கூடும். வேடம் புனைந்த பின் ஒருவரின் சொத்தும் சாதியும் பட்டமும் அந்த வண்ணப்பூச்சின் உள்ளே மறைந்து போகின்றன.

இவ்விழாவின் உயிர்நாடி வேடமன்று. வேடம் பூண்டவர் கையேந்துவதே. தாரையும் தப்பட்டையும் முழங்க, வேடதாரிகள் வீடு வீடாக, கடை கடையாக, ஊர் ஊராகச் சென்று அம்மன் பெயரால் காணிக்கை யாசிக்கின்றனர். தருபவர் ஐந்து ரூபாய் தந்தாலும் ஐந்நூறு தந்தாலும் திருநீறு ஒன்றே. இவ்வாறு பத்து நாள் திரட்டிய காணிக்கை அனைத்தையும் விரதியர் குலசைக்குக் கொண்டு சென்று உண்டியலில் சேர்க்கின்றனர். தன்னிடம் உள்ள பணத்தை எடுத்து உண்டியலில் போட்டுவிட்டால் நேர்த்தி நிறைவேறாது. பிறர் வாயிலில் நின்று, கைநீட்டி, சிலரால் ‘போய் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பப்பட்டு, அதன் பின்னும் முகம் சுளிக்காமல் அடுத்த வாயிலுக்கு நடந்த பின் கிடைக்கும் காசே அம்மனுக்கு உரியது. கோடி படைத்தவருக்கும் இதில் விலக்கில்லை. பொருளைக் கொடுப்பது எளிது. பிறரிடம் கேட்பதே அரிது என்பதனை அறிந்தே முன்னோர் இம்முறையை வகுத்தனர் போலும்.

பத்தாம் நாள் நள்ளிரவில் சிதம்பரேசுவரர் கோயில் முன்பாகக் கடற்கரையில் மகிடாசுர சம்காரம் நிகழ்கின்றது. மாறி மாறித் தலையுருவம் கொண்டுவரும் அசுரனை அம்மன் சூலத்தால் வதைக்கும் அக்காட்சியைக் காண இலட்சக்கணக்கானோர் மணலில் திரண்டு நிற்பர். மறுநாள் காப்புக் களையப்படுகின்றது. நேற்று வரை காளியாக வணங்கப்பட்டவர் கடலில் மூழ்கியெழுந்து மீண்டும் பனையேறியாகவோ, ஆசிரியராகவோ, வாகன ஓட்டியாகவோ ஊர் திரும்புகின்றார். 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது கடற்கரையில் மக்கள் கூடாமல், கோயில் எல்லைக்குள்ளேயே சம்காரம் நிகழ்த்தப்பட்டது. கடலும் கூட்டமும் இல்லாத அந்தத் தசராவை அன்பர்கள் இன்றும் வருத்தத்தோடு நினைவுகூர்கின்றனர்.

திருவிழா என்றால் சந்தையும் உண்டு. விழாவுக்கு வாரக்கணக்கில் முன்பே உடன்குடி வட்டாரத்தில் அட்டையிலும் தகரத்திலும் மகுடம், நெற்றிப்பட்டை, வாள், சூலம், காளியின் கரங்கள், சடைமுடி ஆகியவற்றைச் செய்யும் கைவினைஞர்களுக்கு ஓய்வில்லை. தையற்காரர், ஒப்பனைக்காரர், மேளக்காரர், பந்தல்காரர், மாலை கட்டுபவர் அனைவரும் ஆண்டு வருவாயின் ஒரு பெரும்பகுதியை இப்பத்து நாளில் ஈட்டிக் கொள்கின்றனர். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியும் அந்த மண்ணின் சரக்கே. கோயிலைச் சுற்றி வாணிகம் நடப்பதே தவறு என்போர் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். விரதத்துக்குத் தேவையான பொருளைச் செய்பவர் விழாவுக்கு அயலாரல்லர். அவருடைய உளியும் ஊசியும் அம்மனுக்குத்தான் உழைக்கின்றன. ஆயுத பூசை என்ற பெயரே அதற்குச் சான்று.

இத்தகைய யாசக வழிபாடு குலசைக்கு மட்டும் உரியதன்று. மேலைக் கடற்கரையில் மங்களூரில் நவராத்திரி நாள்களில் புலிவேடமிட்டு ஆடும் குழுவினரும் வீடும் கடையும் சென்று காணிக்கை பெறுகின்றனர். நாராயண குரு 1912இல் நிறுவிய குத்ரோளி கோகர்ணநாதர் ஆலயம் அங்கு தசராவின் நடுநாயகமாக விளங்குகின்றது. மூன்று கடலும் கூடும் குமரிமுனையில் பகவதியம்மன் விசயதசமியன்று மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருளி, பாணாசுரனை வதம் செய்கின்றாள். ஜொகூர் அன்பர்களுக்குப் பாலம் கடந்தால் எட்டும் தொலைவில், 1827இல் தோன்றிய சிங்கப்பூர் மாரியம்மன் ஆலயத்தில் ஐப்பசித் தீமிதி நடைபெறுகின்றது. சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து இரவெல்லாம் நடந்து வந்து பூக்குழியில் இறங்கும் விரதியரிடம், ‘இது யாருடைய உபயம்?’ என்று எவரும் கேட்பதில்லை.

குலசை விழாவில் குறையே இல்லை என்று எவரும் வாதிட இயலாது. குழுக்கள் பெருகப் பெருக, ஒன்றை ஒன்று விஞ்சும் ஆசை தலைதூக்கிற்று. திரைப்படப் பாடல்களும், திரைத்துறை, தொலைக்காட்சிக் கலைஞர்களை அழைத்து வந்து ஆட வைக்கும் வழக்கமும் புகுந்தன. ஆபாச நடனங்கள் வரை சென்ற பின் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டுக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. நாற்பத்தொரு நாள் நோன்பிருந்தவரின் வேடமும், வாடகைக்கு ஆட வந்தவரின் வேடமும் பார்வைக்கு ஒன்றாகவே தோன்றும். முன்னது வழிபாடு, பின்னது வெறும் ஒப்பனை. மலேசியாவில் தைப்பூசக் காவடிகளைப் பற்றி மலேசிய இந்து சங்கம் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வரும் அறிவுரைகளுக்கும் காரணம் இதுவே. ஆகவே குலசை வேடத்தைக் கப்பலேற்றிக் குளுவாங்கில் இறக்கவேண்டும் என்று யாரும் கூறமுற்பட்டால் அது பேதைமையாகும். வேடம் அந்தக் கடற்கரைக்குரியது. அதற்குப் பின்னால் பல தலைமுறைகளின் நேர்த்தி இருக்கின்றது. இங்கே அது வந்தால் முதலில் வருவது படப்பிடிப்புக் கருவியாகத்தான் இருக்கும். கொண்டுவரத் தக்கது அந்தக் கையேந்தல் ஒன்றே.

இது மலேசிய மண்ணுக்குப் புதியதுமன்று. லம்பாக், நியோர், சிம்பாங் ரெங்கம், லாயாங் லாயாங் என்று குளுவாங்கைச் சுற்றிப் பால்மரக் காடுகள் விரிந்திருந்த நாள்களை முதியோர் அறிவர். தோட்டத்துக் கோயில் திருவிழாவை அக்காலத்தில் ஒருவர் எடுத்து நடத்தியதில்லை. எடுத்து நடத்தும் வசதி எவருக்கும் இருந்ததுமில்லை. லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி. சம்பள நாளன்று அதனைத் திரட்டுவர். காசில்லாதவர் விறகு வெட்டினர், தோரணம் கட்டினர், தேங்காய் துருவினர். தோட்டம் முழுவதும் ஒரே அடுப்பில் உண்டது. வெட்டுமரம் சாய்ந்து செம்பனை எழுந்தது; தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின; மக்கள் நகரங்களுக்கும் தாமான்களுக்கும் பெயர்ந்தனர். சாமியையும் கையோடு எடுத்து வந்தனர். வரி வசூலிக்கும் லயம்தான் கூட வரவில்லை. அந்த வெற்றிடத்தில் வளர்ந்ததே இன்றைய உபய முறை. அது தோன்றியிராவிடில் பல கோயில்களில் விளக்கே எரிந்திராது என்ற நன்றியுணர்வோடுதான் அதன் குறையைப் பேச வேண்டும்.

மற்றொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். நவராத்திரி முடியுமுன்னரே தீபாவளிச் சந்தைகளின் கூடாரங்கள் எழுந்து விடுகின்றன. துணியும் நகையும் பலகாரமும் வாங்க மக்கள் அங்கே திரளுகின்றனர். வாணிகர் பிழைப்பது நன்று. ஆயினும் கடையிடத்துக்கு முன்பணம் கட்ட இயலாத முறுக்குச் சுடும் தாய்மாரும், மாலை கட்டும் பெண்டிரும், அகல்விளக்குக்கு வண்ணம் தீட்டி விற்கும் இளையோரும் அந்தச் சந்தையில் இடம் பெறுவது எளிதன்று. அவர்களுக்கு ஒன்பது இரவும் கோயில் வளாகத்திலேயே வாடகையின்றி ஒரு மேசை தந்தால் என்ன? கோயிலுக்கு வர ஒரு காரணம் கூடும். கொலு பார்க்க வந்த குழந்தை ஒரு பொம்மையோடு வீடு திரும்பும். குலசையின் அட்டை மகுடக் கைவினைஞருக்குக் கிடைக்கும் அந்த இடம் இங்குள்ள எளியோருக்கும் கிடைக்கட்டும்.

‘அரும்பாடுபட்டுத் தோட்டத்து வறுமையிலிருந்து மீண்ட சமூகத்தை மீண்டும் பிச்சையெடுக்கச் சொல்வதா?’ என்று சிலர் சினம் கொள்ளக் கூடும். அச்சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. கங்காணியிடமும் கிராணியிடமும் கைகட்டி நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்குக் கையேந்துதல் என்ற சொல்லே கசக்கும். ஆனால் தனக்காக ஏந்தும் கைக்கும் அம்மனுக்காக ஏந்தும் கைக்கும் உள்ள வேறுபாட்டை இச்சமூகம் அறியாததன்று. சிவபெருமானே பிட்சாடனராகக் கையில் ஓடேந்தி வந்த கோலத்தைத் தேரில் வைத்து வணங்குகின்ற மக்கள் இவர்கள். உண்மையில், இல்லாதவரைக் காட்டிலும் இருப்பவருக்கே இவ்விரதம் பெரிதும் தேவைப்படுகின்றது. ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி செலவிடக் கூடிய உபயதாரர் ஒருவர், தாமானில் பக்கத்துத் தெருவிலுள்ள, தமக்கு அறிமுகமில்லாத வீட்டின் கதவைத் தட்டி, ‘அம்மன் பூசைக்கு ஒரு வெள்ளி தாருங்கள்’ என்று கேட்டுப் பார்க்கட்டும். அந்த வீட்டில் யார் இருக்கின்றார், யாருக்கு வேலையில்லை, எந்த மூதாட்டி தனியே வாழ்கின்றார், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பனவெல்லாம் அன்றுதான் ஆலய நிர்வாகத்துக்குத் தெரியவரும். எந்த உபயச் சீட்டிலும் இச்செய்தி எழுதப்பட்டிருப்பதில்லை.

சட்டத்தையும் மறந்துவிடுவதற்கில்லை. வீடுவீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் மலேசியாவில் 1947ஆம் ஆண்டினது. உரிய அனுமதி பெறாமல் ஒரு காசும் திரட்டலாகாது. கோயில் பெயரைச் சொல்லிப் பொய்யாக வசூலிப்போர் உலவும் காலத்தில் இக்கட்டுப்பாடு வரவேற்கத்தக்கதும் ஆகும். ஆகவே நிர்வாகம் முன்கூட்டியே அனுமதி பெற்று, தாமானுக்கு ஒரு குழு என அமைத்து, முத்திரையிட்ட உண்டியலும் அடையாள அட்டையும் தந்து, காப்புக் கட்டிய அன்பர்களை மட்டுமே அனுப்பவேண்டும். குழுவில் தமிழ்ப்பள்ளி மாணவரும் முதியவரும் ஒருவர்க்கொருவர் துணையாகச் செல்லட்டும். பணம் தர இயலாத வீட்டில் ஒரு பிடி அரிசி பெற்றுக் கொள்ளட்டும். அந்த அரிசியே ஓர் இரவின் அன்னதானம். ஒருவர் ஒரு முறைக்கு இவ்வளவுக்கு மேல் தரலாகாது என்று உச்சவரம்பும் வைக்க வேண்டும். இல்லையேல் பணம் படைத்த ஒருவர் முதல் வாயிலிலேயே உண்டியலை நிரப்பி அனுப்பிவிடுவார், குழுவும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பிவிடும்.

ஒன்பது இரவையும் இவ்வாறு மாற்ற வேண்டியதில்லை. ஓர் இரவு போதும். ‘பொது உபயம்’ என்ற பெயரில் ஒரு நாள் சில கோயில்களில் இப்போதும் உண்டு. பெரும்பாலும் அது எவரும் எடுக்க முன்வராத நாள். வார நடுவில், மழை கொட்டும் மாலையில், சுண்டல் அளவும் குறைந்து போகும் நாள். அதனை அப்படியே விடாமல், கூட்டம் மிகுதியாக வரும் சரசுவதி பூசை நாளையோ விசயதசமியையோ ஊர் உபயமாக அறிவிக்கும் துணிவு நிர்வாகங்களுக்கு வரவேண்டும். வழக்கமாக அந்நாளை ஏற்கும் குடும்பத்தார் விட்டுக்கொடுக்கத் தயங்குவர் என்பது உண்மையே. தாத்தா காலத்திலிருந்து அந்நாள் தங்களுடையது என்பர். அவர்களையே ஊர் உபயக் குழுவின் முன்னணியில் நிறுத்தி, முதல் உண்டியலை அவர்கள் கையில் தந்து, முதற் காப்பை அவர்கள் மணிக்கட்டில் கட்டினால் மறுப்பவர் எத்தனை பேர் இருப்பர்?

ஆவணி பிறந்ததும் ஆலய அலுவலகங்களில் நவராத்திரி உபயப் பட்டியல் தயாராகும். ஒன்பது வரிசை, ஒன்பது பெயர், எதிரே தொகை. இவ்வாண்டு அப்பட்டியலை எழுத அமரும் செயலாளர், விசயதசமிக்குரிய வரிசையில் ‘ஊர்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதி, எதிரேயுள்ள தொகைக் கட்டத்தை வெறுமையாக விட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அந்தக் கட்டத்தை நிரப்ப யார் யார் காப்புக் கட்டிக் கொள்ள முன்வருகின்றனர் என்பதைக் குளுவாங் அன்பர்கள் பார்த்துக் கொள்வர்.